கிளம்பாத நாட்கள்: பாய்ப்படகில் காற்று அடங்கக் காத்திருக்கப் பழகுவது

பாய்ப்படகுப் பயணத்துக்கு முதல்முறை கிளம்புகிறவர்கள் முடிச்சுப் போடக் கற்கிறார்கள், சுக்கான் பிடிக்கக் கற்கிறார்கள், கடல் வரைபடம் படிக்கக் கற்கிறார்கள். காத்திருக்க மட்டும் யாரும் கற்றுக்கொண்டு வருவதில்லை. பத்து நாள் பயணத்தில் மூன்று நாள் ஒரே இடத்தில் கட்டிக் கிடப்பது ரொம்ப சாதாரணம். என் முதல் பயணத்தில் நான் அதை அநியாயமாக நினைத்தேன். மூன்றாம் நாள் மதியம் காற்று கொஞ்சம் ஓய்ந்த மாதிரி இருந்தது. படகின் பொறுப்பாளரான ஸ்கிப்பரை நச்சரித்துக் கிளம்பவைத்தவர்களில் நானும் ஒருவன். இரண்டே மணி நேரம். முன்பாய் கிழிந்து, இரண்டு பேர் வாந்தியெடுத்துப் படுத்து, கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்ந்தோம். காற்று ஓயவில்லை, மூச்சு வாங்க நின்றிருக்கிறது, அவ்வளவுதான்.

பிறகு யோசித்துப் பார்த்தால், அன்றைக்கு எங்களைக் கடலுக்குள் தள்ளியது ஒரு தேதி. எங்களில் ஒருவருக்கு ஞாயிற்றுக்கிழமை ஊர் திரும்ப டிக்கெட் இருந்தது. அதற்கப்புறம் நான் பார்த்த அவசரப் புறப்பாடுகள் எல்லாவற்றிலும் ஏதோ ஒரு தேதி ஒளிந்திருந்தது. அதனால் இந்த வழிகாட்டி படகில் தொடங்கவில்லை, காலண்டரில் தொடங்குகிறது.

கிளம்பும் முன்பே செய்ய வேண்டியவை

பயண நாட்களில் மூன்றில் ஒரு பங்கைக் காற்றுக்கு எழுதிக்கொடுத்துவிடுங்கள். 12 நாள் இருக்கிறது என்றால் 8 நாளில் ஓடக்கூடிய தூரத்துக்கு மட்டும் திட்டம் போடுங்கள். வானிலை நன்றாக இருந்து நாள் மிஞ்சினால் நல்லது, ஒரு விரிகுடாவில் கூடுதலாக நீந்திக்கொள்ளலாம். திரும்பும் டிக்கெட்டை, கொஞ்சம் பணம் அதிகம் போனாலும், மாற்றிக்கொள்ளக்கூடியதாக எடுங்கள். வழியில் வந்து சேர்ந்துகொள்கிறேன் என்கிற நண்பரிடம் இடத்தைச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நாளைச் சொல்லுங்கள். இரண்டையும் சேர்த்து வாக்குக் கொடுத்தீர்கள் என்றால், அவருக்காக ஒரு நாள் தப்பான காற்றில் கிளம்புவீர்கள்.

பருவக்காற்றை நம்பி ஓடிய காலத்து வணிகர்கள் இதில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். மலாக்காவுக்குச் சரக்கு கொண்டுவந்தவர்கள் காற்று திசை மாறும்வரை மாதக்கணக்கில் அங்கேயே தங்கினார்கள், சரக்குக் கிடங்கு வைத்தார்கள், வியாபாரத்தைப் பார்த்தார்கள். காத்திருப்பு அவர்கள் கணக்கிலேயே இருந்தது.

அடுத்து, சாமான். திட்டமிட்ட நாட்களைவிட நான்கு நாளாவது அதிகம் தாங்கும்படி உணவும் தண்ணீரும் ஏற்றுங்கள். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 முதல் 4 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தீர்ந்துபோனதால் கிளம்புகிற படகைப் போலப் பரிதாபமான படகு இல்லை.

கரையில் ஒருவரிடம் உங்கள் வழித்தடத்தைக் கொடுத்துவிட்டுப் போங்கள். கூடவே ஒன்றைத் தெளிவாகப் பேசிவையுங்கள்: எப்போது தொடர்பு கொள்வீர்கள், எவ்வளவு நேரம் தகவல் இல்லாவிட்டால் அவர் கடலோரக் காவல் படைக்குச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் நீங்கள் பத்திரமாக நங்கூரமிட்டுக் கஞ்சி குடித்துக்கொண்டிருப்பீர்கள், வீட்டில் ஒருவர் தூங்காமல் இருப்பார். அவர் பதற்றம் போன் வழியாக உங்களுக்கும் தொற்றும், அதுவும் ஒரு தேதி மாதிரித்தான் வேலை செய்யும்.

எண்களை எழுதிவைப்பது

இதைத்தான் நான் எல்லாவற்றிலும் முக்கியமாக நினைக்கிறேன். எவ்வளவு காற்றில் கிளம்பமாட்டோம் என்பதைக் கரையில், தெளிந்த மனதோடு, ஒரு தாளில் எழுதி எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டிவிடுங்கள். மூன்று நாள் அடைந்து கிடந்த மனதிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் அது பொய் சொல்லும்.

காற்றின் வேகத்தைப் படகுக்காரர்கள் நாட் கணக்கில் சொல்வார்கள். 1 நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். புதியவர்கள் தவறவிடுவது ஒன்று உண்டு. காற்று பாயின் மீது கொடுக்கும் அழுத்தம், வேகத்தின் இருமடிப்படி கூடும். 10 நாட்டிலிருந்து 20 நாட்டுக்கு ஏறினால் அழுத்தம் இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்கு ஆகிறது. 30 நாட்டில் ஒன்பது மடங்கு. 15க்கும் 20க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பவர்களுக்கு: கிட்டத்தட்ட 80 சதவீதம்.

முன்னறிவிப்பில் வருகிற எண் சராசரி வேகம். திடீர் வீச்சுகள் அதைவிட 40 சதவீதம் வரைகூட அதிகமாக இருக்கலாம். அலை உயரமும் அப்படித்தான். 2 மீட்டர் அலை என்று போட்டிருந்தால், அது வருகிற அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி. எப்போதாவது ஓர் அலை அதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரத்தில் வரும். அது வரும்போது நீங்கள் தேநீர் ஊற்றிக்கொண்டிருப்பீர்கள்.

புதியவர்கள் அதிகம் இருக்கும் 9, 10 மீட்டர் படகுக்கு நான் எழுதுகிற தாள் இப்படி இருக்கும். காற்று எதிரே வந்தால் 15 நாட்டுக்கு மேல் கிளம்புவதில்லை. பின்னாலிருந்து வந்தால் 20 வரை பரவாயில்லை. அலை ஒன்றரை மீட்டருக்கு மேல் என்றால் இல்லை. இருட்டிய பிறகு தெரியாத துறைமுகத்துக்குள் நுழைவதில்லை. இவை சட்டம் இல்லை, உங்கள் எண்கள் வேறாக இருக்கலாம். எதிர்க்காற்றுக்கும் பின்காற்றுக்கும் ஏன் தனித்தனி என்றால், 6 நாட்டில் ஓடும் படகு 20 நாட் காற்றை நேரே எதிர்கொண்டால் மேல்தளத்தில் 26 நாட்டாக அறைகிறது, அதே காற்றுக்கு முதுகு காட்டி ஓடினால் 14தான். ஒரே காற்று, இரண்டு வேறு கடல்கள்.

எங்கே ஒதுங்குவது

இன்றைய காற்றைப் பார்த்து ஒதுங்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பது புதியவர்கள் செய்யும் தவறு. நாளைய காற்றைப் பார்க்க வேண்டும். ஒரு காற்றழுத்தத் தாழ்வோ குளிர்முகமோ (குளிர்ந்த காற்றுத் திரளின் முன்விளிம்பு) கடந்து போகும்போது காற்றின் திசை சில மணி நேரத்திலேயே 90 டிகிரிகூடத் திரும்பிவிடும். மாலையில் குன்று மறைத்த அமைதியான மூலை, நடு இரவில் காற்று நேராகக் கரையை நோக்கித் தள்ளுகிற பொறியாகிவிடலாம். அங்கே நங்கூரம் பிடி விட்டால் பின்னால் பாறைதான். வரைபடத்தை எடுத்து, அடுத்த 48 மணி நேரத்தில் காற்று வரக்கூடிய எல்லாத் திசைகளையும் பென்சிலால் கோடு போட்டுப் பாருங்கள். எல்லாக் கோட்டுக்கும் மறைவு தருகிற இடம் கிடைக்காவிட்டால், திசை மாறும் முன்பே இடம் மாற எந்த நேரத்தில் கிளம்ப வேண்டும் என்று இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

உள்ளே கட்டுகிற துறைமுகம் கிடைத்தால் நல்லது. கயிறுகளை இரட்டிப்பாக்குங்கள். கயிறு உலோகத்தில் உரசுகிற இடத்தில் பழைய ரப்பர் குழாயோ தடித்த துணியோ சுற்றுங்கள். காற்றில் கயிறுகள் இழுபட்டு அறுவதைவிட உரசி அறுவதுதான் அதிகம். சுருட்டி வைக்கிற முன்பாயை இன்னும் நான்கு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டுங்கள், பெரும்புயல் என்றால் கழற்றியே வையுங்கள். நடு இரவில் ஒரு முனை அவிழ்ந்து அந்தப் பாய் தானாக விரிய ஆரம்பித்தால் அதை அடக்க நான்கு ஆள் போதாது.

அப்புறம், பாயை ஏற்றும் கயிறுகளைப் பாய்மரத்திலிருந்து இழுத்து விலக்கிக் கட்டிவிடுங்கள். பாதுகாப்புக்காகச் சொல்லவில்லை. அலுமினியக் கம்பத்தில் அது டக் டக் டக் என்று இரவு முழுக்க அடிக்கும். தூக்கம் கெட்ட மனிதனிடம் பொறுமை எங்கிருந்து வரும்? பக்கத்துப் படகுக்காரருக்கும் புண்ணியமாகப் போகும்.

நங்கூரத்தை நம்பித் தூங்குவதற்கு

நங்கூரம் பிடித்திருக்கிறதா என்கிற சந்தேகம் இருந்தால் காத்திருப்பு நரகம். கணக்கு எளிது. தண்ணீரின் ஆழம், அதோடு ஓதம் (கடல்மட்டத்தின் தினசரி ஏற்ற இறக்கம்) ஏறும் உயரம், அதோடு தண்ணீருக்கு மேல் படகின் அணியம் (முன்முனை) நிற்கும் உயரம், மூன்றையும் கூட்டுங்கள். இப்போது ஆழம் 5 மீட்டர், ஓதம் இன்னும் 2 மீட்டர் ஏறும், அணியம் 1 மீட்டர் என்றால் 8 மீட்டர். முழுக்கச் சங்கிலி என்றால் இதைப் போல 5 மடங்காவது, அதாவது 40 மீட்டர் விட வேண்டும். கயிறு கலந்திருந்தால் 7 மடங்கு, 56 மீட்டர். பலத்த காற்று வரப்போகிறது, சுற்றிலும் இடம் இருக்கிறது என்றால் இன்னும் விடுங்கள். பெட்டிக்குள் கிடக்கும் சங்கிலி யாரையும் காப்பாற்றாது.

விட்டபின் இன்ஜினைப் பின்னோக்கி மெதுவாக ஓட்டி, படிப்படியாக வேகம் கூட்டுங்கள். கரையில் ஒரு மரம், அதற்குப் பின்னால் ஒரு கம்பம் என்று ஒரே கோட்டில் வருகிற இரண்டு பொருள்களைப் பக்கவாட்டில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் இழுக்கும்போதும் அவை ஒன்றையொன்று விட்டு விலகவில்லை என்றால் நங்கூரம் பிடித்துவிட்டது. விலகினால், அலுப்புப் பார்க்காமல் எடுத்துத் திரும்பப் போடுங்கள். மூன்று முறை போட வேண்டி வந்தாலும் வெளிச்சத்திலேயே போட்டு முடிப்பது மேல்.

பலத்த காற்றில் சங்கிலி விறைத்து நேராகிவிடும். அப்போது ஒவ்வோர் அலையும் படகை வெடுக்கென்று இழுக்கும். நீளும் தன்மையுள்ள நைலான் கயிறு ஒன்றைக் கொக்கியால் சங்கிலியில் மாட்டி, மறுமுனையை அணியத்தில் கட்டி, இழுவை அந்தக் கயிற்றில் விழும்படி சங்கிலியைக் கொஞ்சம் தளரவிடுங்கள். அதிர்ச்சியைக் கயிறு வாங்கிக்கொள்ளும். உள்ளே படுத்திருப்பவருக்கு வித்தியாசம் உடனே தெரியும்.

ஜிபிஎஸ் நங்கூர அலாரத்தைப் போனிலோ படகின் கருவியிலோ வையுங்கள். விட்ட சங்கிலியின் நீளத்துக்குப் படகு வட்டமடிக்க இடம் கொடுத்து எல்லையைப் போடுங்கள், ரொம்ப இறுக்கமாக வைத்தால் பொய்யாகக் கூவி எழுப்பும், நான்காவது தடவை யாராவது அணைத்துவிடுவார்கள். காற்று 30 நாட்டைத் தாண்டும் இரவுகளில் அலாரம் போதாது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருவராக முறை வைத்து விழித்திருங்கள்.

முன்னறிவிப்பை எத்தனை முறை பார்ப்பது

இரண்டு முறை. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போனை எடுத்துக் காற்று ஆப்பைத் தேய்க்கிறவரை எல்லாப் படகிலும் பார்க்கலாம். பெரும்பாலான ஆப்கள் காட்டுவது ஒரு சில பெரிய கணினி மாதிரிகளின் முடிவைத்தான். அமெரிக்க வானிலைத் துறையின் ஜிஎஃப்எஸ் மாதிரி ஒரு நாளைக்கு 4 முறை, 6 மணி நேரத்துக்கு ஒன்றாக ஓடுகிறது. நடுவில் எத்தனை முறை தேய்த்தாலும் வருவது அதே பழைய படம். மாறுவது உங்கள் ரத்த அழுத்தம் மட்டும். அதை ஐரோப்பிய வானிலை மையத்தின் மாதிரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் கொஞ்சம் நம்பலாம். ஒன்று வியாழன் என்கிறது, மற்றது சனி என்கிறது என்றால் இன்னும் எதுவும் முடிவாகவில்லை என்று அர்த்தம். அந்த நேரத்தில் பலர் தங்களுக்குப் பிடித்த படத்தைக் காட்டும் ஆப்பைத் தேடிப் போகிறார்கள். ஐந்து நாளுக்கு அப்பால் சொல்வதைத் தகவலாக மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பகுதியின் அதிகாரபூர்வக் கடல் வானிலை அறிக்கையையும் படகுகள் பேசிக்கொள்ளும் விஎச்எஃப் வானொலியில் தவறாமல் கேளுங்கள்.

ஒரு பாரோமீட்டர் வைத்துக்கொண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை நோட்டில் எழுதுங்கள்: நேரம், அழுத்தம், காற்றின் திசை, வானம். வெறும் அளவைவிட அது மாறும் வேகம்தான் பேசும். 3 மணி நேரத்தில் 1 ஹெக்டோபாஸ்கல் இறங்கினால் பெரிதாக எதுவும் இல்லை. மூன்றரைக்கு மேல் என்றால் வேகமான இறக்கம், கயிறுகளை இன்னொருமுறை பாருங்கள். 6க்கு மேல் என்றால் பேச்சே வேண்டாம். வெப்பமண்டலக் கடல்களில் ஒரு சின்ன எச்சரிக்கை: அங்கே நல்ல வானிலையிலும் அழுத்தம் தினமும் காலை 10, இரவு 10 வாக்கில் உச்சத்துக்கு வந்து, 4 மணிகளை ஒட்டி இறங்கும். தெரியாதவர் மதியத்துக்கு மதியம் புயல் வருவதாகப் பதறிக்கொண்டிருப்பார். அங்கே நேற்று இதே நேரத்து அளவோடு ஒப்பிட வேண்டும்.

இப்போது பொறுமைக்கு வருகிறேன். காத்திருப்பில் மனிதரை அரிப்பது நேரம் நீள்வதைவிட முடிவு தெரியாமல் இருப்பது. அதனால் படகின் பொறுப்பாளர் ஒவ்வொரு மாலையும் எல்லோரையும் கூட்டி, படத்தைக் காட்டி, இப்படிச் சொல்ல வேண்டும்: "நாளைக்குக் கிளம்பவில்லை. அடுத்த முடிவு நாளை மாலை 6 மணிக்கு." அந்த 6 மணி வரை அந்தப் பேச்சை யாரும் எடுக்கக்கூடாது. கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் இது செய்யும் வேலை ஆச்சரியமானது. "போகலாமா, போகலாமா" என்று எல்லோரும் உள்ளுக்குள் ஓட்டிக்கொண்டிருக்கும் இன்ஜின் அணைந்துவிடும். நாளை முழுக்க நம்முடையது என்று தெரிந்ததும் ஆட்கள் புத்தகத்தை எடுக்கிறார்கள், மாவு பிசைகிறார்கள், தூங்குகிறார்கள். நீங்கள் பொறுப்பாளராக இல்லாமல் கூடப்போகிறவர் என்றால், இப்படி ஒரு நேரத்தைக் குறிக்கச் சொல்லி நீங்களே கேளுங்கள். தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார், அவருக்கும் அது ஓய்வுதான்.

மூன்றாம் நாள் சுரம்

முதல் நாள் எல்லோருக்கும் விடுமுறை மாதிரி இருக்கும். இரண்டாம் நாள் சீட்டுக்கட்டு, கதை. மூன்றாம் நாள் யார் கரண்டியைக் கழுவாமல் வைத்தது என்று சண்டை வரும். கரண்டி ஒரு சாக்கு என்று தெரிந்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

இதற்கு நான் பார்த்த மருந்து, ஒரு நாளில் மூன்று விஷயங்கள் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது. படகுக்கு ஒரு வேலை, கைக்கு ஒரு வித்தை, தனியாக ஒரு மணி நேரம். படகு வேலைக்குப் பஞ்சமே இல்லை. ஒருமுறை காத்திருந்த நாளில் சும்மா சுற்றிப் பார்த்தபோது, பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளில் ஒன்றின் அடியில் ஸ்ப்ளிட் பின் பாதி கழன்று நின்றதைப் பார்த்தேன். விரல் நீளம்கூட இல்லாத துண்டு. அது முழுக்க விழுந்து, கடலில் கம்பி கழன்றிருந்தால் பாய்மரமே சாய்ந்திருக்கும். நல்ல வானிலையில் நேராக ஓடிக்கொண்டே இருந்தால் யாரும் அங்கே குனிந்து பார்த்திருக்கமாட்டோம். அதனால் ஒவ்வொரு பின், ஒவ்வொரு முடிச்சு, அடிப்பள்ளத்துத் தண்ணீர், பம்பு, டார்ச் எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள். கைவித்தை என்றால், கண்ணை மூடிக்கொண்டு போலைன் முடிச்சுப் போடுவது, கயிறு பின்னுவது, அடுத்த துறைமுகத்தின் நுழைவை வரைபடத்தில் மனப்பாடம் செய்வது. பாயைச் சுருக்கிக் கட்டுவதைக் கட்டிய படகிலேயே காய்ந்த உடையோடு, காற்று கொஞ்சம் தணிந்த வேளையில் பத்துத் தடவை பழகலாம்.

தனி நேரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பத்து மீட்டர் படகில் நான்கு பேர் என்றால் ஒருவர் மூச்சு மற்றவர் மேல் படும். முறை வைத்து ஒருவருக்கு முன் அறையைக் கொடுத்துவிட்டு, கதவைத் தட்டாமல் இருங்கள்.

இரண்டு ஆபத்துகளைச் சொல்லிவிடுகிறேன், இரண்டுமே சலிப்பில் பிறப்பவை. மழைக்கு எல்லாத் திறப்புகளையும் மூடிவிட்டுக் குளிருக்காக அடுப்பை எரியவிடுவது ஒன்று. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, கிறுகிறுப்பு, அப்புறம் மயக்கம். அடுப்பு சமைக்க மட்டும், அதுவும் ஒரு திறப்பைத் திறந்து வைத்துக்கொண்டு. அறையில் அதற்கான அலாரம் ஒன்று இருக்கட்டும். இன்னொன்று, கரைக்குப் போய் ஒரு நடை போகலாம் என்று பலத்த காற்றில் சின்ன ரப்பர் படகில் இறங்குவது. பெரிய படகு பத்திரமாகக் கிடக்க, இருநூறு மீட்டரில் ஆள் அடித்துக்கொண்டு போவது அப்படித்தான். போனால் உயிர்காப்புச் சட்டையோடு, துடுப்போடு, கையடக்க வானொலியோடு. இல்லாவிட்டால் போக வேண்டாம்.

பக்கத்துப் படகு கிளம்பிவிட்டால்

இது நிச்சயம் நடக்கும். காலையில் எழுந்தால் பக்கத்தில் கிடந்த படகைக் காணோம். "அவங்க போயிட்டாங்களே" என்று ஒருவர் சொன்னதும் நான்கு ஜோடிக் கண்களும் ஸ்கிப்பர் பக்கம் திரும்பும். அவர்கள் படகு 15 மீட்டராக இருக்கலாம். அவர்கள் போகும் திசைக்கு அந்தக் காற்று பின்காற்றாக இருக்கலாம். அல்லது அவர்களுக்கும் ஒரு தேதி இருக்கலாம். ஒட்டிவைத்த தாளில் இருப்பது உங்கள் எண்கள். மதியம் அதே படகு நனைந்துபோய்த் திரும்பி வருவதையும் நான் பார்த்திருக்கிறேன், பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததையும் பார்த்திருக்கிறேன். இரண்டுமே என் படகைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

இந்த அரிப்பு பழையது. டார்வினைச் சுமந்து சென்ற பீகிள் கப்பலின் கேப்டன் ராபர்ட் ஃபிட்ஸ்ராய் பின்னாளில் பிரிட்டனின் வானிலைத் துறையைத் தொடங்கி நடத்தினார். 1859 அக்டோபரில் ஒரு புயலில் ராயல் சார்ட்டர் என்கிற கப்பல் மூழ்கி நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பின் 1861இல் தந்தி மூலம் துறைமுகங்களுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்ப ஏற்பாடு செய்தார், கரையில் கூம்புகளை ஏற்றிக் காட்டுவார்கள். கூம்பு ஏறிய நாளில் படகுகள் சும்மா கிடப்பதைப் பார்த்து மீன்பிடிப் படகு முதலாளிகள் முணுமுணுத்தார்கள். அவர் இறந்தபின் எச்சரிக்கைகள் நிறுத்தப்பட்டு, பிறகு கடலுக்குப் போகிறவர்கள் கேட்டுத் திரும்பவும் வந்தன. முணுமுணுத்தவர்களும் கேட்டவர்களும் எந்தெந்த இடத்தில் நின்றவர்கள் என்பதைக் கவனியுங்கள்.

கடலுக்குள்ளேயே மாட்டிக்கொண்டால்

எப்போதும் ஒதுங்க இடம் கிடைத்துவிடாது. தெரியாத துறைமுகத்தின் வாயில் அலை உடைந்துகொண்டிருந்தால், உள்ளே நுழைவதைவிட வெளியே ஆழக் கடலில் நிற்பதே பாதுகாப்பு. பாய்ப்படகை நடுக்கடலில் கிட்டத்தட்ட நிறுத்திவைக்க முடியும், பல புதியவர்களுக்கு இது தெரியாது. பாய்களை நன்றாகச் சுருக்கிக்கொண்டு, முன்பாயின் கயிற்றை அவிழ்க்காமலேயே படகைக் காற்றின் ஊடாக மறுபக்கம் திருப்புங்கள். முன்பாய் இப்போது எதிர்ப்பக்கமாக உப்பிப் படகைக் காற்றிலிருந்து விலக்கும். சுக்கானைப் படகு காற்றை நோக்கித் திரும்பும்படி வைத்துக் கட்டிவிடுங்கள். ஒன்று விலக்க, ஒன்று திருப்ப, படகு இரண்டுக்கும் நடுவில் காற்றுக்குச் சாய்வாக நின்று மெதுவாக நழுவும். ஆர்ப்பாட்டமெல்லாம் சட்டென்று அடங்குவது மந்திரம் போட்ட மாதிரி இருக்கும். சூடாக ஏதாவது குடிக்கலாம், முறை வைத்துத் தூங்கலாம்.

நழுவுவது மணிக்கு 1 முதல் 2 கடல் மைல் இருக்கும். 12 மணி நேரம் நின்றால் 24 கடல் மைல் வரை காற்று தள்ளும் திசையில் போயிருப்பீர்கள். அந்தப் பக்கம் அவ்வளவு வெற்றுக் கடல் இருக்கிறதா என்று முதலில் அளந்துவிடுங்கள். படகுக்குப் படகு இது நடந்துகொள்ளும் விதம் மாறும், அதனால் 10 நாட் இளங்காற்றில் நாலைந்து முறை செய்து பாருங்கள்.

எப்போது கிளம்புவது

காற்று நின்ற மறுநிமிடம் கிளம்ப வேண்டாம். காற்று போனாலும் அது எழுப்பிய அலை உடனே படுக்காது, தள்ளிவிட காற்றில்லாமல் அந்த அலையில் கிடந்து உருள்வது காற்றடிப்பதைவிடக் கொடுமை. பெரும்பாலும் அரை நாள், சில சமயம் ஒரு முழு நாள் விட வேண்டும். ஓதத்தின் ஓட்டமும் காற்றும் எதிரெதிராக வரும் நேரத்தில் அலைகள் செங்குத்தாக எழும். ஓட்டம் ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பும் இடங்களில், அது திரும்பும்வரை இருந்து போனால் அதே கடல் வேறு கடலாக இருக்கும்.

விரிகுடாவுக்குள் தெரியும் காற்றை நம்பாதீர்கள். முடிந்தால் கரையில் உயரமான இடத்தில் ஏறி வெளிக்கடலைப் பாருங்கள். வெண்ணுரை ஓரளவு அடிக்கடி தெரிந்தால் 11 முதல் 16 நாட். எங்கு பார்த்தாலும் வெண்ணுரை என்றால் 17 முதல் 21. நுரை காற்றின் திசையில் கோடுகோடாக இழுபட்டால் 28க்கு மேல், இறங்கி வந்து சமையலைப் பாருங்கள். கருவி இல்லாமல் காற்றைச் சொல்லும் இந்த அளவுகோலின் முதல் வடிவை, அதற்குப் பெயர் கொடுத்த பிரான்சிஸ் போஃபர்ட் 1800களின் தொடக்கத்தில் தன் குறிப்பேட்டில் எழுதத் தொடங்கினார்; கடலின் முகத்தை வைத்துச் சொல்லும் விவரிப்புகள் பின்னால் சேர்ந்தவை.

இன்னொரு பக்கமும் உண்டு. நான்கைந்து நாள் கட்டிக் கிடந்தால் சிலருக்குத் துறைமுகம் பழகிவிடும். எண்களெல்லாம் தாளுக்குள் வந்துவிட்ட பிறகும், இன்னும் ஒரு நாள் பார்க்கலாமே என்று தோன்றும். அது பொறுமை போலவே இருக்கும், ஆனால் பயம். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பது இங்கேயும் பொருந்தும். தாள் சரி என்றால் கிளம்புங்கள். முதல் நாள் ஓட்டம் குறுகியதாக, நாலைந்து மணி நேரத்துக்குள் முடிவதாக இருக்கட்டும். கடல் நோய் வருகிறவர்கள் மாத்திரையைக் கிளம்பும் முன்பே போட்டுக்கொள்ளட்டும், வாந்தி வந்தபின் போட்டால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வரும்.

கடைசியாக, நங்கூரம். நான்கு நாள் காற்றில் இழுபட்டு அது சேற்றுக்குள் ஆழமாகப் புதைந்திருக்கும். எல்லோரும் சட்டை போட்டுத் தயாராக நிற்க, மோட்டார் முனக, அது அசையாது. அங்கே மோட்டாரோடு மல்லுக்கட்டினால் மோட்டார்தான் எரியும். படகை மெதுவாக முன்னே கொண்டுவந்து, சங்கிலி அணியத்திலிருந்து நேர்செங்குத்தாகக் கீழே இறங்கும்வரை சுருட்டுங்கள். மோட்டாரில் பளு விழாதபடி சங்கிலியைப் பூட்டிவிட்டு, விரலையும் காலையும் தள்ளி வைத்துக்கொண்டு நில்லுங்கள். ஒவ்வொரு சின்ன அலைக்கும் அணியம் தூக்கும், தாழும், தூக்கும். ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ ஆகும். பிடி தளர்வது காலடியில் தளத்தின் அதிர்வாகவே தெரியும். அப்போது பூட்டை எடுத்து மேலே ஏற்றுங்கள், சங்கிலியில் நிறைய சேறு இருக்கும், ஒரு வாளியைக் கையில் வைத்திருங்கள்.